புயலின் நடுவில் இரண்டு விரல் இடைவெளி

சீரும் சிறப்பும் இரண்டு சக்கரமும் பெற்று என்றென்றும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய என் அருமை மருமகளுக்கு,

உன் ஒரே தாய்மாமனும், பல்செட் செய்வதில் கரை கண்டவனும், இந்த ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பதற்கே காரணமானவனுமாகிய நான் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் நலம், உன் அத்தையும் நலம். உன் மோட்டார் சைக்கிளும் நலம். அது எவ்வளவு நலம் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன். கையில் சூடாக ஏதாவது வைத்திருந்தால் கீழே வைத்துவிடு.

முதலிலேயே சத்தியம் செய்கிறேன்: இந்தக் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மாவும் நம்பமாட்டாள். நான் அவளுக்குத் தம்பியாகப் பிறந்தேன் என்பதையே இன்னும் முழுசாக நம்பாதவள் அவள். ஆனாலும் நடந்தது நடந்தபடி, ஒரு எழுத்துகூடக் கூட்டாமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் பெருக்கி எழுதுகிறேன்.

நீ பயிற்சிக்குக் கிளம்பிய அன்று வண்டியை என் பட்டறையில் நிறுத்திவிட்டு என்ன சொன்னாய்? "மாமா, வெள்ளிக்கிழமை இதைச் சோதனைக்குக் கொண்டுபோகணும். பாஸ் ஆனாத்தான் திங்கட்கிழமை நான் வேலையில சேர முடியும். படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய்க் கட்டு மாத்தற வேலை, வண்டி இல்லாம ஒண்ணும் நடக்காது. தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். வண்டி மேல் ஒரு துணியைப் போர்த்தினேன். துணி கொஞ்சம் சின்னது. பின்னால் நம்பர் பிளேட் மட்டும் வெளியே தெரிந்தது. சகல விபரீதத்துக்கும் காரணம் அந்தத் துணிதான், நான் இல்லை.

அந்த நம்பரை நீ பதிவு அலுவலகத்தில் தனியாகக் கேட்டு, அலைந்து திரிந்து வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். எழுத்தையும் எண்ணையும் சேர்த்து, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் "புயல்" என்று வரும். உனக்கு அந்தப் பெயர் வைத்தது யார்? நான். நடக்கப் பழகிய வயசிலேயே என் பட்டறைக்குள் ஓடிவந்து, காயவைத்திருந்த பல் அச்சுகளையெல்லாம் ஒரே வீச்சில் தரையில் கொட்டியவள் நீ. அன்று வைத்த பெயர் இன்று அரசாங்க முத்திரையோடு சாலையில் ஓடுகிறது என்றால் என் மார்பு எப்படி விரியும்? விரிந்தது, சட்டைப் பொத்தான் தெறித்து எதிர்வீட்டு ஜன்னலில் பட்டது. ஆனால் சட்டம் என்ன செய்து வைத்திருக்கிறது பார்! எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டுமாம். அதனால் "பு" இந்தப் பக்கம், "யல்" அந்தப் பக்கம். அடித்துப் புரட்ட வேண்டிய புயல் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறது. அம்மா, நான் யார்? முன்பல் நடுவிலுள்ள சந்துகளை மூடியே சோறு தின்றவன். என் கண் முன்னால் இப்படி ஒரு சந்து விட்டுவைத்து "தொடாதே" என்றால் அது நியாயமா, நீயே சொல்.

உன் அத்தை என் பார்வையைப் பார்த்தாள். "என்ன, அந்தப் பிளேட்டையே மொறைச்சுப் பாக்கறீங்க?"

"சும்மா அழகு பாக்கறேன்."

"உங்க அழகு பாக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? அதுல கை வெச்சீங்கன்னா உங்க பல்லைக் கழட்டி அந்த இடத்துல ஒட்டிடுவேன்."

எனக்கு இருப்பது சொந்தப் பல் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

அவள் குளிக்கப் போனாள். நான் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். தகட்டில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக ஒட்டியதுதானே, பல் அச்சில் மெழுகு இழைக்கிற மெழுகுக் கத்தியைச் சூடாக்கி அடியில் விட்டால் பால் பல் மாதிரி பொத்தென்று வருகிறது. "யல்" லைப் பெயர்த்து "பு" வுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆகா, புயல்! ஆனால் வலதுபக்கம் ஒரு மைதானம் காலியாகிவிட்டது. சரி, எல்லாவற்றையும் நடுவுக்கு நகர்த்தினேன், இப்போது "பு" சாய்ந்துவிட்டது. "பு" வை நிமிர்த்தினேன், "ல்" இடித்துக்கொண்டது. கடைசியில் கோபம் வந்து, பல்செட்டுக்கு ஈறு வைக்கிற அந்த ரோஸ் கலர் பிசினை எடுத்து வரிசையாக அழுத்தி ஒட்டிவிட்டேன். அது காய்ந்தால் யானை கட்டி இழுத்தாலும் வராது. தள்ளி நின்று பார்த்தேன். உன் வண்டி பின்பக்கமாகத் திரும்பி, ஈறு தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தது.

இவ்வளவு அழகை வீட்டுக்குள் வைத்திருக்க மனசு வருமா? உன் அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பிளேட்டை அவள் பார்த்துவிடாதபடி சாமர்த்தியமாக முன்பக்கமாகவே வந்து ஏறச் சொல்லி, கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் நாங்கள் கடந்து போன பிறகு ஊரே திரும்பிப் பார்த்தது. ஒரு பேருந்து மரியாதைக்காக நின்றது. சிக்னல் விளக்கு எங்களைப் பார்த்த மயக்கத்தில் மூன்று நிறத்தையும் ஒன்றாக எரியவிட்டது. உன் அத்தை மட்டும், "எல்லாரும் ஏன் நம்ம முதுகைப் பாத்துச் சிரிக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பெரிய கடையின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறதல்லவா, அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது. உள்ளே போகும்போது கேமரா நம்பரைக் குறித்துக்கொள்ளும், குறிக்க முடியாவிட்டாலும் தடுப்புக்கட்டை யாரையும் விட்டுவிடும். வெளியே வரும்போது மட்டும் கேமரா நம்பரை மறுபடி படித்து, இன்ன வண்டி உள்ளே வந்தது என்று ஒத்துப் பார்த்துத்தான் கட்டையைத் தூக்கும். நாங்கள் வெளியே வந்தோம். கேமரா பார்த்தது. மறுபடி பார்த்தது. சோதிடரிடம் கைரேகை காட்டியதுபோல அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு, "வாகனம் எதுவும் இல்லை" என்று திரையில் எழுதியது. வாகனம் இல்லையாம்! மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் உன் அத்தை முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

காவலாளி வந்தார். "சார், கம்ப்யூட்டர் கணக்குப்படி நீங்க உள்ளயே வரலையே."

"பின்ன இது யாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? உள்ள வராதவரை நான் எப்படி வெளிய விடறது?"

"உள்ள வராதவன் வெளியதானய்யா இருக்கணும்! கட்டையைத் தூக்கு!"

"அப்படின்னா நீங்க வெளியதான் இருக்கீங்க சார். அப்புறம் எதுக்குக் கட்டையைத் தூக்கணும்?"

இந்த மனிதரை ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. வரிசை அடித்தளத்தைச் சுற்றி, மேல் மாடி ஏறி, மொட்டை மாடியில் முடிந்தது. நாலாவது காரில் மழுமழுவென்று சவரம் செய்து உட்கார்ந்திருந்தவருக்குத் தாடி வளர்ந்துவிட்டது. ஏழாவது காரிலிருந்த பையனுக்கும் ஒன்பதாவது காரிலிருந்த பெண்ணுக்கும் சம்பந்தமே பேசி முடித்துவிட்டார்கள். உன் அத்தை இறங்கிப் பின்பக்கம் வந்து பிளேட்டைப் பார்த்தாள். முட்டை அட்டையைத் திறந்து, எறிவதற்குத் தோதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் போக்குவரத்து அதிகாரி வந்தார். வந்தவர் பிளேட்டைப் பார்த்தார், ஈற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவர் பல்லைப் பார்த்தேன். என் கை வேலை! மேல்வரிசை முழுக்க நான் செய்த செட்.

"நீங்களா?" என்றார். அந்தக் குரலில் நட்பு இல்லை.

"நானேதான் சார். செட் எப்படி இருக்கு? முத்து மாதிரி இருக்கே."

"முத்தா? ஏன் சார், என் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருந்துச்சே, அதை அப்படியே வெச்சுக் கொடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

"உங்க நல்லதுக்குத்தான் சார், காசு வாங்காம மூடிக் கொடுத்தேன்."

"அந்தச் சந்துலதான்யா என் விசிலே இருந்துச்சு! ஒரு ஊது ஊதினா நாலு பக்கமும் வண்டி அப்படியே நிக்கும். இப்ப ஊதினா வெறும் காத்து வருது. லாரிக்காரன் எனக்கு டாட்டா காட்டிட்டுப் போறான். வீட்டுல என் பேத்தி, 'யாரு இந்த அங்கிள்'ங்கறா. என் செல்போன்கூட என் மூஞ்சிக்குத் திறக்க மாட்டேங்குது. இன்னைக்கு இந்தக் கேமராவுக்கும் அதே கதிதானே?" என்று சொல்லிவிட்டு, நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தார். "பிளேட்டுல இடைவெளியை மாத்தினா என்ன தெரியுமா? வண்டி சோதனையில பெயில். நம்பரையும் திருப்பி வாங்கிடுவாங்க."

எனக்கு உலகம் நின்றது. உன் வேலை போச்சு, நம்பர் போச்சு, புயல் போச்சு. நீ திங்கட்கிழமை கட்டுத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பது கண் முன்னால் வந்தது. கை கூப்பிவிட்டேன். "சார், என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்தப் பொண்ணு வண்டியை விட்டுடுங்க."

உன் அத்தை நடுவில் புகுந்தாள். "ஒண்ணு செய்யலாங்க. இவரு மூடின சந்து ரெண்டையும் இவரே திறக்கட்டும். உங்களுதையும், வண்டியோடதையும். வெள்ளிக்கிழமை சோதனைக்கு நீங்கதானே வருவீங்க? ரெண்டும் சரியா இருந்தா விடுங்க, இல்லைன்னா இவரையும் சேர்த்துப் பறிமுதல் பண்ணிக்குங்க. நான் ஆட்சேபிக்க மாட்டேன்."

நோட்டீஸ் புத்தகம் மூடியது. தடுப்புக்கட்டையைக் கையால் தூக்கினார்கள். அன்று மாலை என் மேசையில் ஒரு பக்கம் உன் பிளேட், மறுபக்கம் அதிகாரியின் பல்செட். அதிகாரி பல்லில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குக் காவல். அவர் பேசியது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. உன் அத்தைக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. இருவரும் என்னைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிச் சிரித்தார்கள். நான் பயத்திலும் உற்சாகத்திலும் சின்ன ரம்பத்தை எடுத்து, அளந்து, அறுத்து, தேய்த்து, மெருகேற்றி நிமிர்ந்தால், அளவு மாறிவிட்டது! பிளேட்டில் நூல் நுழையாத சந்து. பல்செட்டில் இரண்டு விரல் இடைவெளி. அதிகாரி அதை மாட்டிக்கொண்டு ஒரு விசில் அடித்தார் பார், என் பட்டறை ஜன்னல் கண்ணாடிகள் வரிசையாக நொறுங்கின, அடுத்த ஊர் ரயில் நடுவழியில் நின்றது.

எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரி ஸ்கேல் வைத்து அளந்தார், குனிந்து அளந்தார், படுத்து அளந்தார். பிறகு எழுந்து, புதுச் சந்து தெரியச் சிரித்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு விசில் அடித்தார். சாலையில் அத்தனை வண்டியும் நின்றது; வானத்தில் பறந்த காக்கை ஒன்று பிரேக் போட்டதை நானே பார்த்தேன்.

ஆகவே மருமகளே, உன் வண்டி பாஸ். கவலையில்லாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மாவுக்கு என் வணக்கம். எதையும் நான் தொடவில்லை என்றே அவளிடம் சொல்லிவை. நீ கட்டுப் போடும் காயமெல்லாம் சீக்கிரம் ஆறட்டும், நீ போகும் சாலையெல்லாம் பள்ளமில்லாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு மாமன்

பின்குறிப்பு: உன் அத்தை இதைப் படித்துவிட்டாள். "அந்தப் பொண்ணு இதை நம்பி மயக்கம் போட்டு விழுந்தா யாரு கட்டுப் போடறது? ஒழுங்கா உண்மையை எழுதுங்க" என்று தலைக்கு மேல் நிற்கிறாள். எழுதுகிறேன். பிளேட்டை நான் தொடவில்லை. தொட ஆசைப்பட்டேன், ஆனால் நீ போன அன்றே அவள் என் மெழுகுக் கத்தியையும் வண்டிச் சாவியையும் சர்க்கரை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். கேமராவும் இல்லை, காவலாளியும் இல்லை, விசில் அதிகாரியும் இல்லை. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு மெக்கானிக்தான் வண்டியைக் கொண்டுபோனார். பாஸ் ஆனது நிஜம். சோதனை செய்தவர் பிளேட்டை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லையாம், எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். காகிதம் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

பாஸ் ஆனதைத் தவிர, இந்தக் கடிதத்தில் உன் வண்டியைப் பற்றி நிஜமாக நடந்தது ஒன்றே ஒன்று, அதையும் மேலே பாதிதான் எழுதினேன். அன்று நான் பட்டறையில் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த இரண்டு விரல் இடைவெளியையும் தாண்டி, "புயல்" என்று சத்தமாகப் படித்தது நிஜம். அதைக் கேட்டு உன் அத்தை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு ஓடிவந்து, "வந்துட்டாளா?" என்று கேட்டாள்.