புகையில்லாக் கேடயம்

கேடயத்துக்கான தேர்வுக் குழு வந்து சேர ஒரு மணி நேரமே இருந்தபோது, மணல் குளிரத் தொடங்கியது.

நகராட்சியின் அந்த உலையில், கீழிருந்து ஊதும் காற்றில் பழுக்கக் காய்ந்த மணல் கொதிநீர் போலத் தளதளக்கும். அதில் விழும் குப்பையும் கழிவுநீர்ச் சேறும் எரிந்து சாம்பலாகும். ஆனால் ஈரச்சேறு அளவோடு விழ வேண்டும்; மிஞ்சினால் மணல் ஆறிவிடும்.

"இன்னும் ரெண்டு லாரி சேறு வாசல்ல நிக்குது சார். போன வருஷமெல்லாம் இதுல பாதிதான் வரும்," என்றார் உலைக்காரர்.

பொறியாளருக்குக் கவலை வேறு. புகையற்ற உலைக்கான கேடயத்தைச் சென்ற ஆண்டு வாங்கியது பக்கத்து நகரத்து உலை. அதன் பொறியாளர் இவருடைய சகலை. அன்றிலிருந்து இவர் வீட்டில் குழம்புக்கு முன்பாகக் கேடயப் பேச்சு பரிமாறப்பட்டது. இன்று காலையும் மனைவி சொல்லியனுப்பியிருந்தாள்: "வெறுங்கையோட வந்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு நீங்க மட்டும் போய்க்குங்க. என்னால அந்தக் கேடயத்துக்கு எதிர்ல உக்கார முடியாது."

மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சகலையையே தொலைபேசியில் அழைத்தார்.

"இதுக்குப் போயா பதறுறீங்க? காஞ்ச பிளாஸ்டிக்கா அள்ளிப் போடுங்க."

போட்டார். சூடு ஏறியது, புகைபோக்கியில் எருமை நிறத்தில் புகையும் ஏறியது.

"காத்து பத்தலை சகலை. விசிறியை முழுசாத் திறந்துவிடுங்க."

திறந்தார். புகை குறைந்தது, மணலும் குறைந்தது. பாதி மணல் காற்றோடு கிளம்பிச் சாம்பல் தொட்டிக்குக் குடிபோயிருந்தது. மிச்சத்தின்மேல் ஈரச்சேறு பொத்தென்று விழ, தீ அணைந்தது.

"அணைஞ்சே போச்சு சகலை."

"அப்படியா?" மறுமுனை நிம்மதியாக மூச்சுவிட்டது. "அப்ப இனிமே எதையும் தொடாதீங்க."

ஆறுதல் சொல்லக்கூடத் தெரியாத மனிதர் என்று நொந்துகொண்டு பொறியாளர் வாசலுக்குப் போனார்.

வந்திறங்கிய குழுத் தலைவர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரு இழை புகை இல்லையே!"

"உள்ளே வந்து உலையை..." பொறியாளரின் மனச்சாட்சி பாதி வாக்கியம் வரை பேசியது.

"உள்ளே எங்களுக்கு என்ன வேலை? வெளியே தெரியுறதுக்குத்தானே கேடயம்."

கொடுத்தார்கள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்த லாரி ஓட்டுநர், பொறியாளரின் அருகில் வந்து பணிவாகக் கேட்டார்:

"இனிமே இந்தச் சேத்தை எந்த ஊருக்குக் கொண்டுபோறது சார்? பக்கத்து நகரத்துல கேடயம் வாங்கின நாள்லேர்ந்து உலையை மூட்டவே இல்லைன்னுதான் இங்கே கொட்டிக்கிட்டிருந்தேன்."