அறுபத்தொரு பேருக்கு நன்றி

“உமாசங்கர் அண்ணாச்சி பேரு எத்தனாவது செகண்டுல வருது?”

“நாப்பத்திரெண்டு.”

“முப்பதுக்குள்ள கொண்டாலே. அதுக்கு மேல எவனும் பாட்டுக் கேக்க மாட்டான்னு அவரு மருமகன் சொல்லிக் குடுத்திருக்கான்.”

“முப்பதுக்குள்ள முட்டைக்கட உலகம்மை அக்கால்லா நிக்கா.”

“அக்காவ முப்பத்தஞ்சுக்கு நகத்து.”

“நகத்துதேன். அக்காகிட்ட நீ போய்ச் சொல்லுதியா?”

கேட்டவன் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

மனித குலம் இசையைக் கண்டுபிடித்ததே நன்றி சொல்வதற்காகத்தான். இந்தப் பேருண்மை, சென்ற சாரல் பருவத்தில், குற்றாலத்தை அடுத்த இலஞ்சியில் ஒரு மாடியறையில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. நிறுவியவர்கள் இருவர். கேள்வி கேட்டவன் மன்சூர். கடையநல்லூர்க்காரன், ராப் பாடுபவன். பதில் சொன்னவன் ஜெனோ. சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன், கம்ப்யூட்டரில் பீட் போட்டுப் பாட்டைத் தயாரிப்பவன், எல்லாப் பாட்டின் தொடக்கத்திலும் தன் தங்கை ஷாரோனின் குரலில் “இது ஜெனோ பீட்டு!” என்று ஒலிக்கச் செய்யும் தன்னடக்கம் உடையவன்.

மொழிபெயர்ப்பு நாவல்களில் இத்தகைய மகத்தான கூட்டணிகள் பனி கொட்டும் ரயில் நிலையங்களில் உருவாகும். இது ஐந்தருவியில், ஆண்கள் குளிக்கும் வரிசையில், போலீஸ் விசிலுக்கு நடுவே உருவானது. மன்சூர் அந்த விசிலுக்கு ஏற்ப வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு நின்றான். முன்னால் நின்ற ஜெனோ எண்ணெய் வழியும் தலையைத் திருப்பி, “லே, இன்னொரு தரம் சொல்லு” என்றான். அவ்வளவுதான்.

ஐந்து பாட்டுகள் கொண்ட அவர்களுடைய தொகுப்புக்கு ‘ஈரத் துண்டு’ என்று பெயர் வைத்தார்கள். தலைப்புப் பாட்டு மன்சூரின் வாப்பா மசூதைப் பற்றியது. சவுதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டி தூக்குகிறவர். பதினெட்டு வருஷம். மன்சூர் பாடுகிற மைக் அவர் அனுப்பியது. ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் பால்பவுடருக்கும் இடையே, லுங்கியில் சுற்றிப் பச்சைப் பிள்ளை மாதிரி வந்து சேர்ந்தது. பாட்டின் முதல் இரண்டு வரிகள் இவை:

*ஏசி நின்னா ஈரத் துண்ட மூஞ்சில போட்டு ஒறங்குதாரு,*
*எங்கிட்ட மட்டும் ‘இங்கன நல்ல குளுரு மக்கா’ன்னு சொல்லுதாரு.*

இதை முதன்முதலாகக் கேட்டபோது ஜெனோ ஹெட்போனைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு தயாரிப்பாளருக்கு இருக்கக்கூடாத பலவீனம் அது. விரைவில் சரியாகிவிட்டது.

காரணம், ‘நன்றி’. எதிரொலி அடங்க அறைச் சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகளைத் தந்தவள் உலகம்மை. “எம்பேரு பாட்டுல வரும்லா?” என்றாள். வரும் என்றான் ஜெனோ. பதிவின்போது கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்ட லைன்மேன் எபனேசர் ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் மட்டும் இரண்டு தரம் போய்விட்டு வந்தது. அவர் பெயரும் தலைப்புப் பாட்டில் ஏறியது. அட்டைப்படத்துக்காகச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டத்துக்குள் நிற்க அனுமதித்தவர், தன் பெயரோடு டிராக்டரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

இரண்டு பேருக்கும் இது புதிதல்ல. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா முறையான ஒரு சாச்சாவின் பெயர் விட்டுப்போய், அவர் நிக்காஹ் அன்று வாசலோடு திரும்பியதை மன்சூர் பார்த்திருக்கிறான். சர்ச் அசன விருந்தில், அரிசி மூட்டை தந்தவர் பெயரை மைக்கில் வாசிக்க மறந்ததால், சபை இரண்டாகிப் பக்கத்திலேயே இன்னொரு சர்ச் எழும்பியதை ஜெனோ பார்த்திருக்கிறான். ஆகவே அறையில் ஒரு ‘பெயர்ச் சேர்ப்புக் குழு’ அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள்: மன்சூர், ஜெனோ. தலைவர்: பயம்.

குழுவின் முக்கியமான அமர்வு குற்றாலம் பஜாரில், உமாசங்கரின் துண்டுக் கடையில் நடந்தது. வெளியீட்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸும் ஸ்பீக்கரும் அவர் உபயம்.

“தம்பி, துண்டு ஈரமா இருக்குன்னு பாடுதிய. நம்ம கடத் துண்டு சட்டுனு காயும். ஈரம்னு சொன்னா யாவாரம் என்னத்துக்கு ஆகும்?”

“அண்ணாச்சி, அது எங்க வாப்பா துண்டு. சவுதில...”

“சவுதியில கூட காயலன்னுல்லா கேக்குதவன் நெனைப்பான்!”

தொகுப்பின் பெயர் ‘துண்டு’ என்று திருத்தப்பட்டது. ஈரம், ஏகமனதாக நீக்கப்பட்டது.

அன்று கடையை விட்டு இறங்கும்போது வாப்பாவின் குரல் செய்தி வந்தது. “மக்கா, என்னப் பத்திப் பாட்டாமே? உம்மா சொன்னா. ரூம்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். பிரியாணி போடணுங்கானுவ.” கடைசியில் ஒரு சிரிப்பு. மன்சூர் அதை இரண்டு தரம் கேட்டுவிட்டு போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

மறுநாள் காலை, அறுபத்தொன்றாவது பெயரும் ஏறியது. பாட்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டி ஓடியது.

“ரெண்டு நாப்பதுதான் கணக்கு” என்றான் ஜெனோ. “எதையாச்சும் வெட்டணும்.”

“டிராக்டர வெட்டு.”

“டிராக்டர வெட்டுனா தோட்டக்காரரு படத்தத் தூக்கச் சொல்லுவாரு.”

“எபனேசர் அண்ணன?”

அறைவிளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. இருவரும் மேலே பார்த்தார்கள்.

“ஒங்க வாப்பாவுக்கு மிச்சமிருக்க ரெண்டு வரிய எடுத்துருவோமா?” என்றான் ஜெனோ, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“லே, பாட்டே அவரு பாட்டுலே.”

“அதாம்லே சொல்லுதேன். அவரு கோவிச்சுக்கிடுவாரா?”

மன்சூர் யோசித்துப் பார்த்தான். பெருநாளைக்கு ஊருக்கு வர லீவு கிடைக்காமல் போனபோது வாப்பா கோபித்துக்கொள்ளவில்லை. மைக் வேண்டும் என்று கேட்டபோதும் இல்லை. வீடியோ காலில் மகன் பாதியில் வைத்துவிட்டுப் போன எந்த நாளிலும் இல்லை.

“மாட்டாரு” என்றான்.

“அப்போ?” என்றான் ஜெனோ. “கோவிச்சுக்கிடுதவன் பேரத்தான் போடணும். கோவிச்சுக்கிடாதவருக்கு எதுக்குப் பேரு?”

நன்றி என்ற பழம்பெரும் துறையில் இவ்வளவு சுருக்கமான சட்டம் அதற்கு முன் இயற்றப்பட்டதில்லை. மன்சூர் தலையாட்டினான். ஜெனோவின் விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. பதினெட்டு வருஷம், பதினொரு செகண்டில் போனது. மீதியை, பீட்டைக் கொஞ்சம் வேகமாக்கிச் சரிசெய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பாட்டை யூட்யூபில் ஏற்றிவிட்டார்கள். விழா அன்று மாலை, துண்டுக் கடை வாசலில் நடந்தது. ஒரு பாட்டை இத்தனை கூர்ந்து கேட்ட கூட்டத்தைக் குற்றாலம் கண்டதில்லை. இருபத்தெட்டாவது செகண்டில் உமாசங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினார். முப்பத்தைந்தில் உலகம்மை, “வேகமாச் சொல்லிட்டியேலே. சரி, போட்டும்” என்று குடையை விரித்தாள். அவரவர் பெயர் வந்ததும் அவரவர் கிளம்பினார்கள். பாட்டு முடிந்தபோது அதைப் பாடியவனும் பீட் போட்டவனும் மட்டும் நின்றிருந்தார்கள். மேலே சாரல் விழுந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள இருவரிடமும் துண்டு இல்லை.

ஆனாலும் வெற்றி வெற்றிதான். ஒருவரும் விடுபடவில்லை. கோபித்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர்கூட விடுபடவில்லை. ஜெனோ மன்சூரின் முதுகில் தட்டினான். அப்போது போன் துடித்தது. தம்மாமிலிருந்து குரல் செய்தி. பின்னால் நாலைந்து பேர் பேசும் சத்தமும், தட்டுகளின் சத்தமும் கேட்டன.

“மக்கா, கேட்டாச்சு. மூணு தரம் போட்டுக் கேட்டோம். ஒங்குரலு கணீர்னு இருக்கு. பேரெல்லாம் வெரசா ஓடுதுல்லா, வயசாயிட்டு, எங்காதுக்குப் பிடிபட மாட்டேங்கு. இவனுவ எல்லாம் பிரியாணிய முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுவ. எம்பேரு வார எடத்த மட்டும் தனியா வெட்டி அனுப்புதியா?”