ராணி வாத்தியாரும் ஒரு துக்க விசாரிப்பும்

செத்துக் கிட்டத்தட்ட இருநூறு வருஷமான ஒரு ராணிக்காக, ஃபீஸ் வாங்கிக்கொண்டு அழுத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளில் காந்திபுரத்தில், மோட்டார் காயில் கட்டும் ஒரு கடையின் மாடியில் அவர் ஜெர்மன் டியூஷன் எடுத்தார். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ராணி வாத்தியார் என்றால் ஆட்டோக்காரர்களுக்கும் தெரியும். நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனிக்கு ஜெர்மன் மேனுவல் படிக்க ஆள் வேண்டியிருந்ததால் அவரிடம் போய்ச் சிக்கினேன்.

வாலிபத்தில் மில் மெஷின் பயிற்சிக்காக ஜெர்மனி போனவர், மெஷினைத் தவிர மற்றதையெல்லாம் படித்துவிட்டு வந்தார். முக்கியமாக நாவல்கள். அங்கே முன்பு பிரஷ்யா என்று ஒரு ராஜ்யம் இருந்ததாம். அதன் ராணி பேரழகியாம். நாட்டைப் பிடித்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தியிடம் நேரில் போய்க் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாளாம், இளம் வயதிலேயே செத்தும் போனாளாம். இப்போதைய ஜெர்மன் எழுத்தாளர்களும் அவளை நினைத்து உருகுகிறார்கள் என்பது வாத்தியாரின் கட்சி.

"இந்த நாவல்ல பாருங்க, அடுக்குமாடி ஊட்டுல தனியா இருக்கற கெழவரு, ராணி படத்தைத் தொடச்சுப்போட்டுத்தான் காப்பியே குடிக்கறாரு. அந்தம்மா இருந்திருந்தா நாடு இப்படிச் சீரழிஞ்சிருக்குமாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ராணியின் காலத்தில் பட்டினி கிடந்தவனுக்கு ஒரு நாவலிலும் ஒரு வரி கிடையாதா என்று கேட்டேன்.

"நீங்க கணக்குப்பிள்ளையாட்டப் படிக்கறீங்க" என்றார்.

வயிறு நிறைந்தவன் ஏங்குவதற்கு ஒரு ராணி வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மதுக்கரை சிமெண்டில் சிலை வைத்துக் கும்பிட வேண்டியதுதானே!

இந்த அழகில் வகுப்புக்கு வந்து சேர்ந்தார், கணபதி ஏரியாவில் ஃபவுண்டரி வைத்திருந்த பழனிச்சாமி. ஜெர்மன் கம்பெனி ஆள் ஒருவர் கோவைக்கு வரப்போகிறார். அவரிடம் வார்ப்பு ஆர்டர் கிடைத்தால் அணைந்து கிடக்கும் உலை மறுபடி எரியும். இல்லையென்றால் பட்டறையை விற்க வேண்டியதுதான். வியாபாரம் பேசும் அளவுக்கு ஜெர்மன் கேட்ட அவருக்கு, வாத்தியார் ராணியின் மரணப் படுக்கையைச் சொல்லிக்கொடுத்தார். செத்த வருஷத்தை மட்டும் சொல்லவில்லை.

பழனிச்சாமி பண்பான மனிதர். ஹோட்டலில் ஜெர்மன்காரரைப் பார்த்ததும் கையைப் பிடித்து, மனப்பாடம் செய்த ஜெர்மனில் ராணிக்காகத் துக்கம் விசாரித்தார். அவர் "எந்த ராணி?" என்றார். பாவம், துக்கத்தில் தடுமாறுகிறார் என்று இவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். எழவு வீட்டில் வியாபாரம் பேசுவது முறையா? மாதிரி வார்ப்பைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. அந்த மாதிரி இடத்தில் சொல்லிக்கொண்டு கிளம்புவதும் முறையில்லை. 'வாரேனுங்க' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

விஷயம் தெரிந்து வாத்தியார் வெட்கப்பட்டாரா என்றால், இல்லை. "ராணியத் தெரியாதவனெல்லாம் ஒரு ஜெர்மன்காரனாங்க?" என்று குதித்தார். பிறகுதான் பழனிச்சாமியின் முகத்தைப் பார்த்தார். சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிக்கிடந்தது.

"என்னாச்சுங்க?" என்றேன்.

"கெஞ்சிப்போட்டேனுங்க. நாளைக்கு ஃபவுண்டரியப் பாக்க வாரேன்னுட்டான்."

"அதுக்கு ஏனுங்க இப்படி உக்காந்திருக்கறீங்க?"

"ராணி போய்க் கெஞ்சிக் கெடைக்கலியேங்க. எனக்குக் கெடைச்சுப்போச்சே!"

இப்படியும் ஒரு கிறுக்கு உண்டா? ஆனால் ஆர்டர் கிடைத்தது, உலையும் எரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் வாத்தியார் போய்ச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்க ஓர் உறவுகூட அந்த மாடியில் இல்லை. பழனிச்சாமி சுற்றிலும் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய ராணி படத்தின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. படி இறங்கியவன் பாதியில் நின்று, மாடியைத் திரும்பிப் பார்த்து, சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டேன்.

"வாரேனுங்க, வாத்தியாரே."