மச்சானை நான் முன்மொழிந்த கதை

ஒருவருடைய அரசியல் வாழ்க்கையை ஒழித்துக்கட்ட எதிர்க்கட்சியெல்லாம் தேவையில்லை, தங்கை புருஷன் ஒருவன் போதும். இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அந்தத் தங்கை புருஷனே நான்தான்.

என் மனைவியின் அண்ணன் டோமினிக், கிழக்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி வந்தார். அறுபதுகளில் எங்கள் வார்டுக்குத் தெருக்குழாயும் விளக்கும் வந்ததே அவர் டைப் அடித்து அனுப்பிய மனுக்களால்தான். யார் வந்து கஷ்டம் என்றாலும் உட்கார்ந்து மனு அடிப்பார், காலணா வாங்க மாட்டார். பத்து வருஷம் இப்படி அலைந்தவரை ஊரே பிடித்துத் தள்ளி, கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கச் சம்மதிக்க வைத்தது. எதிரே ஒரே ஒரு செங்கல் சூளைக்காரர். அவருக்கு அவர் தெருவே ஓட்டுப் போடாது என்று பேச்சு.

வேட்புமனுவில் அதே வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். அது நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, லீவ் லெட்டரைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போடும் யோகம் வாய்த்ததில்லை. மூன்று நாள் வெள்ளைத்தாளில் போட்டுப் பழகினேன். (கடைசியில் ஒரு சுழி வேறு சேர்த்தேன். ஜில்லா கலெக்டர் கெட்டார்.)

தாக்கல் செய்யக் கடைசி நாள். மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாப்ளே, எதுக்கும் எதிர்க்கடை டெய்லர் காதர் பாய் கையெழுத்தோட இன்னொரு செட் மனு போட்டு வச்சிடலாமா? பாய் ரெடியா இருக்காரு."

"ஏன் மச்சான், என் கையெழுத்து மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

தங்கை புருஷன் முகம் தூக்கினால் எந்த அண்ணன் தாங்குவார்? ஒரே செட்டோடு போனோம். பாழாய்ப்போன என் வீம்பு.

பரிசீலனை அன்று தேர்தல் அதிகாரி தாளைப் பார்த்தார், வாக்காளர் பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க எழுதியிருக்கிற நம்பர்ல பாக்கியம்மாள்னு இருக்கு. நீங்க பாக்கியம்மாளா சார்?"

நடந்தது இதுதான். முந்தின வருஷம் நாங்கள் இரண்டு தெரு தள்ளி வீடு மாறியிருந்தோம். வீடு மாறினால் பட்டியலில் பெயரை மாற்றும் பழக்கம் எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. நான் ஒருவன்தான் படிவம் வாங்கி, பூர்த்தி செய்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அதைப் பத்துப் பேரிடம் பீற்றியும் கொண்டவன். அந்த இரண்டு தெருவுக்கு நடுவே வார்டு எல்லை ஓடுவது எனக்குத் தெரியாது. பழைய பட்டியலில் இருந்த என் நம்பரை மனப்பாடமாக எழுதிவிட்டேன்.

"இவரு எங்க தெருவிலயே வளர்ந்தவர் சார்" என்றார் மச்சான்.

"வளர்ந்திருக்கலாம். பேர் பக்கத்து வார்டுல இருக்கே. தள்ளுபடி."

செங்கல் சூளைக்காரர் போட்டியின்றித் தேர்வானார். அதில் ரொம்ப ஆச்சரியப்பட்டவர் அவர்தான்.

காதர் பாய் என்னைப் பார்த்ததும் கடையை விட்டு இறங்கி வந்தார். "இன்னா சார் இது? அன்னிக்கு பூரா பேனாவ கையில வச்சிகினு குந்திகினு இருந்தேன். ஒரு வார்த்தை கூப்டிருக்கக் கூடாதா?" என்றார். மச்சான் என்னைத் திட்டவே இல்லை. "டீ சாப்பிடலாமா மாப்ளே?" என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதியவர் தன் மனுவைக் கோட்டை விட்டார் என்ற பேச்சு அவரை உட்கார வைத்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் அது தமாஷாக நிலைத்தது. யார் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து என்றாலும், "பாக்கியம்மாளைக் கூப்பிடுங்க" என்று இன்றைக்கும் என்னைத் தேடுகிறார்கள். மச்சானும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று, "அன்னிக்கு நின்னிருந்தா ஜெயிச்சிருப்பேனா மாப்ளே?" என்று கேட்டார்.

அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அதுல என்ன சந்தேகம் மச்சான், கண்டிப்பா" என்றேன்.

வீடு வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்றிருப்பீர்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு அன்றைக்கும் வரவில்லை.