தொடாதே மிஸ்ஸும் தொடுமேஜையும்

பத்தரைக்கு அதிகாரி வருகிறார். ஒன்பதே முக்காலுக்கு மேஜை மண்டையைப் போட்டது.

"மிஸ், தொட்டா நகர மாட்டேங்குது!" என்று கத்தினான் முந்திரிக்கொட்டை. எதிலும் முதல் ஆளாகக் கை நீட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"நீ கத்தினா நகருமா? மெதுவா தொடு."

"மெதுவாத்தான் மிஸ் தொட்டேன். பத்துத் தடவை!"

மூன்றாம் வகுப்பு ஆசிரியை குனிந்து பார்த்தார். மேஜைக் கண்ணாடியில் படமெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. கடல் இருந்தது, சூரியன் இருந்தது, மேகம் இருந்தது, மழையும் இருந்தது. நான்கையும் வரிசைப்படுத்தினால் மழை எப்படிப் பெய்கிறது என்பது பாடம். நேற்றுவரை விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போன சூரியன், இன்று ஆணி அடித்ததுபோல் அசையாமல் நின்றது.

இருபத்தாறு வருடமாக அந்த ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'தொடாதே மிஸ்'. உலக உருண்டையைத் தொடாதே, சாக்பீஸ் டப்பாவைத் தொடாதே, பக்கத்துப் பையனைத் தொடாதே. அப்படிப்பட்டவருடைய வகுப்பில் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தொடுமேஜையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான்கு பிள்ளைகள் சுற்றி நின்று, சேர்ந்து தொட்டு, சேர்ந்து படிக்க வேண்டுமாம். வந்த பெட்டியை ஆசிரியை அன்றைக்கே பிரித்து, குப்பைகூளத்தையெல்லாம் அப்புறப்படுத்தி, மேஜையைப் பளபளவென்று துடைக்கச் சொன்னார். ஆனால் இன்றுவரை அதன்மேல் அவர் ஒரு விரல்கூட வைத்ததில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது?

பிள்ளைகள்தான் தொட்டார்கள். மூன்றாம் நாளே ஆசிரியை ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த மேஜைக்கு அவசரக்காரர்களைப் பிடிக்காது. முந்திரிக்கொட்டை தனியாக எத்தனை தடவை குத்தினாலும் கம்மென்று கிடக்கும். நான்கு பேரும் பேசி, குழுவில் எதற்கெடுத்தாலும் அழும் அழுமூஞ்சியையும் ஒரு வார்த்தை கேட்டு, ஒருமனதாகத் தொட்டால் மட்டும், விரலுக்குப் பின்னாலேயே ஒரு குட்டி அம்புக்குறி ஓடிவந்து படத்தை நகர்த்தும். கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பெரிய மேஜை, யோசித்துத்தானே செய்யும் என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் வகுப்பே மாறிவிட்டது. ஒருத்தர் முடியை ஒருத்தர் பிடித்துக்கொண்டு புரண்ட பிள்ளைகள், "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதைக் கேட்ட அன்று ஆசிரியை மேஜை செய்தவனை மனசார வாழ்த்தினார்.

இன்று அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால் மேஜை இங்கேயே இருக்கும். இல்லையென்றால் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். தலைமையாசிரியை வேறு நேற்றே சொல்லிவிட்டார். "மேஜை போச்சுன்னா நீங்களும் ரெக்கார்டு ரூமுக்கு மாறிக்குங்க. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தானே? நிம்மதியா இருக்கலாம்."

ரெக்கார்டு ரூமில் கரப்பான்பூச்சிகள் உண்டு. ஆனால் அவை 'மிஸ்' என்று கூப்பிடாது. நினைத்தாலே ஆசிரியைக்கு அழுகை வந்தது.

அதனால்தான் காலையிலேயே எல்லாவற்றையும் சீர்செய்து வைத்திருந்தார். சுவரில் புதுப் படம் ஒட்டினார். அழுமூஞ்சியின் மூக்கைத் துடைத்துவிட்டார். மேஜைக்குப் பக்கத்து முக்காலியில் எப்போதும் உட்காரும் வாய்ப்பூட்டைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்.

வாய்ப்பூட்டு என்பது ஒரு பொடிப் பெண். கேட்டால் தலையாட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். எந்தக் குழு எப்போது தொட்டது என்று நோட்டில் குறித்துவைக்கும் வேலையை ஆசிரியை அவளுக்குக் கொடுத்திருந்தார். மடியில் பலகை, பலகைமேல் நோட்டு, இடது கையால் எழுத்து, வலது கையை மூடி ஒரு கைக்குட்டை. தங்கமான பிள்ளைதான். ஆனால் அதிகாரி அவளைப் பார்த்துக் கேள்வி கேட்டு, அவள் முழித்தால் மானம் போய்விடாதா?

"கை அழுக்கா இருக்கும்டா, அதான் மேஜை எடுக்கல. எல்லாரும் போய்க் கை கழுவிட்டு வாங்க!" என்றார் ஆசிரியை.

முப்பது பிள்ளைகள் ஓடிப்போய்க் கை கழுவி, துடைக்காமல் ஓடிவந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். கண்ணாடிமேல் குட்டை கட்டி நின்றது. படத்தில் மழை நகரவில்லை, தரையில்தான் சொட்டியது.

"துடைங்க, துடைங்க!"

தூங்குமூஞ்சி கைக்குக் கிடைத்த டஸ்டரை எடுத்துத் துடைத்தான். அது கரும்பலகை டஸ்டர். கடலும் சூரியனும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு மங்கின. ஆயா வாளியும் துணியுமாக வந்து, "நகருங்க, நான் பளிச்சுனு ஆக்கறேன்" என்று சோப்பைக் குழைத்துப் பூசினார். இப்போது மேஜையில் நுரை.

சத்தம் கேட்டு நாலாம் வகுப்பு சார் எட்டிப்பார்த்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று அவரே சொல்வார்.

"என்ன மேடம், இது ஒரு விஷயமா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப்போச்சு!"

"வேண்டாம் சார், தொடாதீங்க..."

அதற்குள் பிளக்கைப் பிடுங்கிச் சொருகிவிட்டார். மேஜை இருண்டு, மறுபடி விழித்து, உச்ச ஸ்தாயியில் அலறியது. "வணக்கம் குழந்தைகளே! கடலைத் தொடுங்கள்!"

முந்திரிக்கொட்டை கடலைத் தொட்டான்.

"வணக்கம் குழந்தைகளே! கடலைத் தொடுங்கள்!"

"தொட்டுட்டேன்!" என்று பதிலுக்கு அவன் அலறினான்.

"சார், சத்தத்தைக் குறைங்க!"

"குறைக்கிற பொத்தானும் கண்ணாடியிலதான் இருக்கு மேடம். தொட்டா கேட்க மாட்டேங்குதே!" என்ற சார், தன் வகுப்பில் யாரோ அடித்துக்கொள்வதாகச் சொல்லி நழுவிவிட்டார்.

ஆசிரியை பிள்ளைகளின் பைகளையெல்லாம் வாங்கி, சத்தம் வந்த பக்கத்தில் அடுக்கினார். பைகளுக்கு அடியிலிருந்து மேஜை மூச்சுமுட்ட வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் கோலத்தில்தான் அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் தலைமையாசிரியை. அவருக்கும் பின்னால், தேவைப்பட்டால் மேஜையைக் கழற்றிக்கொண்டு போகத் தயாராக, கருவிப்பையோடு ஒரு மெக்கானிக்.

"என்ன டீச்சர், மேஜையில சலவை நடக்குதா?" என்றார் அதிகாரி.

"சுத்தம் சார்... முதல் பாடம் சுத்தம்."

"ம்ம். யார் யார் எப்போ தொட்டாங்கன்னு நோட்டு வச்சிருக்கறதா எழுதியிருந்தீங்களே. அதைக் காட்டுங்க."

நோட்டு கடைசி பெஞ்சில் இருந்தது. ஆசிரியை வேறு வழியில்லாமல் வாய்ப்பூட்டைக் கூப்பிட்டார். அவள் நோட்டும் பலகையும் கைக்குட்டையுமாக வந்து, நோட்டை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை எழுப்பி அனுப்ப ஆசிரியை வாயெடுப்பதற்குள் மேஜை சட்டென்று மௌனமானது.

அதிகாரியைக் கண்டால் மேஜைக்கே பயம் போலிருக்கிறது. ஆசிரியைக்குப் போன உயிர் திரும்பியது. ஆயா அவசரமாக நுரையை வழித்தெடுத்தார்.

"இப்போ பாருங்க சார். கண்ணுங்களா, ஆரம்பிங்க!"

முந்திரிக்கொட்டை பாய்ந்து மேகத்தைத் தொட்டான். மேகம் நகரவில்லை. அதிகாரியின் புருவம் ஏறியது. மெக்கானிக் கருவிப்பையைத் திறந்தார்.

"இருடா, இவளைக் கேட்கவே இல்ல" என்று அழுமூஞ்சியைக் காட்டினாள் ஓட்டைவாய். நான்கு தலைகள் கூடின.

"முதல்ல கடல். வெயில் பட்டு ஆவியானாத்தானே மேகம்?" என்றாள் அழுமூஞ்சி மெல்லிய குரலில்.

"ஆமால்ல!"

நான்கு விரல்கள் கடலைத் தொட்டன. அம்புக்குறி ஓடிவந்தது. கடல் முதல் கட்டத்தில் போய் அமர்ந்தது. பிறகு சூரியன், பிறகு மேகம், கடைசியில் மழை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பிரமாதம்! எங்க, அடுத்த பாடத்தை நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க டீச்சர்."

இருபத்தாறு வருடத்துத் தொடாதே விரல் முதன்முறையாக நீண்டு, விதைப் படத்தைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார். குத்தினார். தலைமையாசிரியை ரெக்கார்டு ரூம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

ஆசிரியைக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்குத் தெரியல கண்ணுங்களா. எங்க தொடணும்? நீங்களே சொல்லிக்கொடுங்க."

"விதைக்கு முன்னாடி மண்ணு மிஸ்!" என்றார்கள் நான்கு பேரும்.

மண்ணைத் தொட்டார். அம்புக்குறி உடனே ஓடிவந்தது, மற்ற நாளைவிட வேகமாக. மண் நகர்ந்தது. வகுப்பே கைதட்டியது.

"மாணவர்களைக் கேட்டுக் கத்துக்கிற டீச்சரை இப்பதான் பார்க்கறேன்" என்று அதிகாரி கைகூப்பினார். "மேஜை இங்கேயே இருக்கட்டும். இதேமாதிரி மேஜை வாங்கின பள்ளிக்கூடம் இன்னும் பத்து இருக்கு. அங்கெல்லாம் பிள்ளைங்க அடிச்சுக்குதுங்க. அடுத்த வாரத்திலிருந்து நீங்க ஒவ்வொண்ணாப் போய், இதைச் செஞ்சு காட்டணும்."

கையெழுத்துப் போட அதிகாரியும் தலைமையாசிரியையும் அலுவலக அறைக்குப் போனார்கள். பிள்ளைகள் இடைவேளைக்கு ஓடினார்கள். வாய்ப்பூட்டு மட்டும் முக்காலியில் உட்கார்ந்து, அதிகாரி திருப்பிக்கொடுத்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சொத்து என்று நம்பர் ஒட்டுவதற்காக மேஜைக்கு அடியில் புகுந்த மெக்கானிக் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"டீச்சர், இதுல டச் ஒயரையே மாட்டலையே?"

"என்ன ஒயர்?"

"விரல் எங்க பட்டுச்சுன்னு மேஜைக்குச் சொல்ற ஒயர். சொருகற ஓட்டையில ஒட்டின ஸ்டிக்கரைக்கூட இன்னும் யாரும் பிரிக்கல. இது இல்லாம நீங்க மேஜையைத் தொட்டாலும் ஒண்ணுதான், சுவத்தைத் தொட்டாலும் ஒண்ணுதான்."

"சும்மா இருங்க தம்பி! இப்போ உங்க கண்ணு முன்னாடிதானே தொட்டேன்? நகர்ந்துச்சே!"

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். "அதான் எனக்கும் புரியல. பெட்டியோட ஒரு சின்ன பை வந்திருக்குமே, டச் ஒயர், ஒயர் இல்லாத மவுஸ் எல்லாம் போட்டு. அது எங்க?"

பெட்டி பிரித்த நாள் ஆசிரியைக்கு ஞாபகம் வந்தது. தெர்மோகோல், அட்டை, ஒரு சின்ன பை என்று எல்லாவற்றையும் வாரி ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தது அவரேதான். மெல்லத் திரும்பினார்.

"கண்ணு, அன்னைக்கு அதையெல்லாம் குப்பையிலதானே போட்ட?"

வாய்ப்பூட்டு நோட்டை மூடினாள். கைக்குட்டையை விலக்கி, அதற்கு அடியில் இருந்த கறுப்பு மவுஸை எடுத்துப் பத்திரமாக மேஜைமேல் வைத்தாள். பிறகு, இரண்டு மாதத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"பத்துப் பள்ளிக்கூடத்துக்கும் நானும் வரணுமா மிஸ்?"