சோடா மெசினுக்குள் நேர்த்திக்காசு

சிவமயம்

உரும்பிராய் கிழக்கு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான் மயூரதனுக்கு அத்தான் பரமலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உமது அக்கா குணலட்சுமியும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். அங்கே நீரும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீர் கப்பலில் அனுப்பிய பழைய சோடா மெசினும் சுகம். அது சுகப்பட்டதால்தான் நான் நித்திரையில்லாமல் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீர் யோசிக்கலாம். இது போனில் கதைக்கக்கூடிய விசயமில்லை. எங்கள் வீட்டுப் போன் உமது அக்காவின் கையில்தான் இருக்கும். நீர் எனக்கென்று அனுப்புகிற குரல் பதிவையும் அவர்தான் முதலில் போட்டுக் கேட்பார், அதுவும் குசினியில் நின்று முழுச் சத்தத்தில். ஆகவே கையால் எழுதி, உறையை நன்றாக ஒட்டி, அடுத்த கிழமை கனடாவுக்குத் திரும்புகிற ஜெயசுதனிடம் கொடுக்கிறேன். அவன் வாய் திறக்கமாட்டான். நீர் வாசித்ததும் கிழித்துவிடும். எனக்கு வேண்டியது ஒரேயொரு சாமான், மெசினின் காசுப்பெட்டியைப் பூட்டித் திறக்கிற திறப்பு. ஏன் என்பதை விளங்கப்படுத்தத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மெசின் வந்த அன்று லொறி எங்கள் ஒழுங்கைக்குள் வளைய ஏலாமல் கேற்றுத் தூணைத் தட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தது. தூண் போனது பரவாயில்லை. மரப்பெட்டியை உடைத்து மெசினை விறாந்தையில் நிமிர்த்தி வைத்ததும் முன்வீட்டு மார்க்கண்டு வங்கி அட்டையோடு வந்து நின்றார். "மனேச்சர், உங்கடை வீட்டிலை காசு எடுக்கிற மெசின் பூட்டியிருக்காம், எப்ப துவங்குவினம்?" என்று கேட்டார். இது காசு தராது, காசை வாங்கிக்கொண்டு சோடா தரும் என்று நான் பொறுமையாகச் சொன்னேன். "அதைத்தானே கடைக்காரனும் செய்யிறான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு நானும் கொஞ்சம் யோசித்தேன். ஆனாலும் உமது அப்பா, என் மாமாவின் நினைவாக மெசினைச் சனசமூக நிலையத்தில் வைத்து, ஆவணியில் நீர் வந்து நாடா வெட்டுவது என்பது உமது ஏற்பாடு. அதற்குள் திருத்தி வைப்பது என் பொறுப்பு என்றீர். கூட்டுறவுச் சங்கத்தை ஆயுள் முழுக்க மேய்த்தவனுக்கு ஒரு பெட்டியைத் திருத்துவிப்பது பெரிய வேலையா என்று நானும் ஓம் என்றுவிட்டேன்.

குருநகர்க் கனிசியஸைப் பிடித்தேன். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் வைக்கிற குளிர்ப்பெட்டிகளை எல்லாம் அவர்தான் பார்க்கிறார். வந்தார், மெசினை ஒரு சுற்றுச் சுற்றினார், "உது சின்ன வேலை ஐயா" என்றார், வயரைக் கொண்டுபோய்ச் சுவரில் செருகினார். மெசின் ஒரு தரம் உறுமியது, பிறகு புகைத்தது. கனடாக் கரண்ட் எங்கள் கரண்டில் பாதிதானாம். நீர் அதைச் சொல்லவில்லை, கனிசியஸ் கேட்கவில்லை, நான் பக்கத்தில் நின்று மனேச்சர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொழும்பிலிருந்து ஒரு றான்ஸ்போமர் எடுப்பித்தோம். அதைப் பூட்டினால் கொம்பிரசர் ஓடுகிறது, குளிர் இல்லை. குளிர் தருகிற காஸ் போய்விட்டது என்றார். காஸ் அடித்தால் விடிவதற்குள் அதுவும் போய்விட்டது. குழாய் முழுக்கச் சவர்க்கார நுரை பூசிக் குமிழி எங்கே வருகிறதென்று இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். ஓட்டையைக் கண்டுபிடித்த இடத்தில் கனடாப் பேப்பரைக் கிழித்துக் கட்டிய எலிக்கூடு ஒன்றும், அதற்குள் காய்ந்துபோன எலி ஒன்றும் இருந்தன. அவ்வளவு தூரம் வந்து செத்ததோ, செத்துத்தான் வந்ததோ தெரியாது. உமது அக்கா அதை வாழையடியில் தாட்டுவித்தார்.

கதவு இறப்பர் வெடித்திருந்தது. கனிசியஸ் தன்னிடமிருந்த பழைய மீன் பெட்டி இறப்பரைக் கழற்றிப் பூட்டினார். குளிர் உள்ளே தங்கியது, ஆனால் வெள்ளிக்கிழமை, மரக்கறி நாளில், விறாந்தை முழுக்கச் சூடை மீன் மணம். உமது அக்கா தேசிக்காயும் மஞ்சளும் போட்டு உரஞ்சி உரஞ்சி இறப்பர் சாம்பார் நிறத்துக்கு வந்துவிட்டது. பெயின்ற் அடிக்க கனிசியஸ் தன் மைத்துனர் சிமியோனைக் கூட்டிவந்தார். சிமியோன் வள்ளங்களுக்கு நிறம் பூசுகிறவர். சிவப்பு நன்றாகத்தான் வந்தது. ஆனால் கைப்பழக்கத்தில் நெற்றியில் "புனித அந்தோனியார் துணை" என்று எழுதி, கீழே ஒரு மீன் படமும் கீறிவிட்டார். அழிக்கச் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு வடிவான எழுத்து. உமது அக்கா பார்த்துவிட்டு, "அவர் துணை நிக்கட்டும், அதுக்குக் கீழை பிள்ளையாரையும் எழுதிவிடுங்கோ" என்றார். இப்போது உமது மெசினுக்கு இரண்டு பேர் துணை. அப்படியிருந்தும் எனக்கு இந்த நிலைமை.

இனித்தான் விசயம். மெசின் எங்கள் காசு எதையும் எடுக்கவில்லை. பத்து ரூபாய்க் குற்றி வாயிலேயே இறுகியது, ஒரு ரூபாய்க் குற்றி கீழே விழுந்து வெளியே ஓடியது. நீர் ஒரு கனடாக் குற்றியாவது பெட்டிக்குள் போட்டு அனுப்பியிருக்கலாம். கனிசியஸ் இரும்பு வாசர் வளையங்களை அராவி அளவாக்கிப் போட்டார், ஒவ்வொன்றையும் துப்பியது. வீட்டிலுள்ள சில்லறை முழுவதையும் நான் போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியில் கனிசியஸ் வாயை அளந்து பார்த்து, "பழைய காலத்துக் குத்தி ஒண்டு இருந்தாச் சரிவரும் ஐயா" என்றார்.

பழைய குற்றி ஒன்று வீட்டில் இருந்தது. எங்கள் கஜந்தினி கலியாணம் முடித்து இத்தனை வருடமாகப் பிள்ளையில்லாமல் இருந்தது உமக்குத் தெரியும். உமது அக்கா அம்மனுக்கு நேர்த்தி வைத்து, மாமாவின் பழைய ரூபாய்க் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து, சுவாமி அறையில் விளக்குக்குப் பின்னால் வைத்திருந்தார். பிள்ளை பிறந்து துடக்குக் கழிந்ததும் அதே குற்றியை உண்டியலில் போடுவதாக நேர்த்தி. அம்மன் கண் திறந்து இப்போது கஜந்தினிக்கு நாலாம் மாதம். சாவகச்சேரியில் மருமகனோடு இருந்தவள் பிள்ளை பிறக்கும் வரைக்கும் எங்களோடு வந்து நிற்கிறாள்.

நான் களவெடுக்கவில்லை, மயூரதன். இரவல் எடுத்தேன். தாயும் மகளும் கிளினிக்குக்குப் போயிருந்த நேரம் முடிச்சை அவிழ்த்துக் குற்றியை எடுத்து, போட்டுப் பார்த்துவிட்டு, காசு திருப்புகிற பிடியை அமத்தி எடுத்து, பழையபடி முடிந்துவிடுவது என்பது என் யோசனை. "பிடியை அமத்தினாத் துப்பும் ஐயா, நான் பொறுப்பு" என்றார் கனிசியஸ். போட்டேன். உள்ளே கடகடவென்று உருண்டது. எங்கேயோ ஒரு பூட்டு விட்டது. கண்ணாடிக் கதவைத் திறந்து, முன்னமே வாங்கி அடுக்கியிருந்த போத்தல் ஒன்றின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். வியர்த்துக் குளிர்ந்த இஞ்சிச் சோடா ஒன்று கையோடு வந்தது. இத்தனை பாட்டுக்கும் பிறகு மெசின் வேலை செய்தது! கனிசியஸ் என்னைக் கட்டிப்பிடித்தார், நானும் அவரைக் கட்டிப்பிடித்தேன், அந்தச் சோடாவை இரண்டு பேரும் பாதி பாதியாகக் குடித்தோம். பிறகு பிடியை அமத்தினேன். வரவில்லை. கனிசியஸ் அமத்தினார், குத்தினார், அந்தோனியாரைக் கூப்பிட்டார். வரவில்லை. "சோடாவைத் தந்திட்டு அது காசையும் தராது ஐயா, ஞாயம் தானே" என்றார். பொறுப்பு எடுத்தவர் சொன்ன ஞாயம் இது.

காசுப்பெட்டி தடித்த இரும்பு. அதற்கு வேறு பூட்டு. வெட்டலாம் என்றால், பின்னால் காஸ் குழாய் ஓடுகிறது, வெட்டினால் எல்லாம் போய்விடும் என்று கனிசியஸ் கைவிரித்துவிட்டார். வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல் அவர் அராவிய வாசர் ஒன்றைத் துணியில் வைத்து முடிந்து விளக்குக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உமது அக்கா அந்த வாசருக்குப் பூ வைத்துக் கற்பூரம் காட்டுகிறார். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். திறந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் சகுனம், செய்வினை பார்க்கிற ஆள் இல்லை என்பது உமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிழமையிலிருந்து கஜந்தினிக்குத் தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வருகிறது, ஒரு வாய் சோறு உள்ளே தங்கவில்லை. கிளினிக்கில் நிறை காணாது என்றார்கள். அது போதாதென்று மெசினுக்குள் போத்தல்கள் குறைகின்றன. பெரிய கதவின் திறப்பு என் மடியில் இருக்கிறது, காசு போட ஒருவரிடமும் குற்றி இல்லை, ஆனால் திறந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்றிரண்டைக் காணோம். கனிசியஸிடம் கேட்டால், "காஸ் கூடினாச் சில மெசின் தானாக் குடுக்கும் ஐயா" என்கிறார். தானாகக் கொடுத்தால் போத்தல் நிலத்தில் கிடக்க வேண்டாமா? அம்மன் எனக்கு எதையோ காட்டுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மயூரதன். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நான் இந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பேன்? விடியவெழும்பிக் கோயிலுக்குப் போய் வீதி சுற்றுகிறேன். சந்தைக்கு நான்தான் போகிறேன். தேங்காய் துருவுகிறேன். உமது அக்காவோடு ஒரு விசயத்துக்கும் எதிர்த்துக் கதைப்பதில்லை. எதற்கென்று அவர் கேட்கவுமில்லை, அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே கராஜிலும் மேசை லாச்சிகளிலும் நன்றாகத் தேடி, அந்தத் திறப்பை இந்தப் பக்கம் வருகிற ஆரிடமாவது உடனே கொடுத்துவிடும். அக்காவிடம் ஒரு சொல்லும் வேண்டாம். ஆவணியில் நாடா வெட்டுகிற கதையை அது வரைக்கும் எடுக்காதேயும்.

உமக்கும் குடும்பத்துக்கும் அம்மனும், மெசின் நெற்றியில் நிற்கிற முறைக்கு அந்தோனியாரும், நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் தருவார்களாக.

இங்ஙனம்,
உமது அன்பு அத்தான்
இ. பரமலிங்கம்

பி.கு.: தம்பி மயூரதன், இது அக்கா எழுதிறன். ஜெயசுதன் மிளகாய்த்தூள் பொதி எடுக்க வந்தவன், "அத்தான்ரை கடிதத்தையும் உதுக்குள்ளை வைச்சுக் கட்டிவிடுங்கோ அக்கா" எண்டு என்ரை கையிலை தந்திட்டான். கேத்தில் ஆவியிலை பிடிக்க உறை தானாத் திறந்திட்டுது. நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. இவர் வீட்டுச் சில்லறை எல்லாத்தையும் மெசினுக்குப் போட்டுப் பாத்தபோதே, அடுத்ததாச் சுவாமி அறைக்குத்தான் வருவார் எண்டு எனக்குத் தெரியும். நேர்த்திக்காசை எடுத்து என்ரை சீலைப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டு, அப்பாவின்ரை மற்றப் பழைய குத்தியைத்தான் துணியிலை முடிஞ்சு வைச்சனான். பிறகு வாசர் வந்ததும் முடிச்சைப் பாத்த உடனை தெரிஞ்சிட்டுது, இவருக்கு முடிச்சுப் போடவும் தெரியாது. திறப்பும் தேடாதை. நீ மெசின்ரை முதுகிலை ரேப் சுத்தி ஒட்டித்தான் அனுப்பினனி, தூசு தட்டேக்கை நான் எடுத்து வைச்சிட்டன். இவர் ஒருக்கா என்னட்டைக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பன். இவர் கோயில் வீதி சுத்திற நேரத்திலை நானும் கஜந்தினியும் அந்த ஒரே குத்தியைப் போட்டுச் சோடா எடுக்கிறம், பெட்டியைத் திறந்து குத்தியை எடுக்கிறம், திருப்பிப் போடுறம். வெறும் போத்தல் எல்லாம் விறகுக் கொட்டிலுக்குள்ளை கிடக்கு. பிள்ளைக்குத் தண்ணி கூடத் தங்கேல்லை, உந்த இஞ்சிச் சோடா ஒண்டுதான் முதல்லை தங்கினது. இப்ப அதுக்குப் பிறகு சோறும் தங்குது, போன கிளினிக்கிலை நிறையும் கூடியிருக்கு. அதை இவருக்கு இன்னும் சொல்லேல்லை. சொன்னாத் தேங்காய் துருவமாட்டார். நேர்த்திக்காசைப் பிள்ளை பிறந்த பிறகு இவரின்ரை கையாலையே உண்டியலிலை போடுவிப்பன், அண்டைக்குச் சொல்லுறன். இந்த மனுசன் பேரப்பிள்ளைக்காக இவ்வளவு பயப்பிடும் எண்டு எனக்கும் இப்பதான் தெரியும். இப்ப நீ செய்ய வேண்டியது ஒண்டுதான்: மெசினுக்குள்ளை சோடா முடியப்போகுது, இண்டைக்கே போன் எடுத்து, இன்னும் ரெண்டு பெட்டி வாங்கி அடுக்கச் சொல்லி அத்தானுக்குச் சொல்லு.