கேஸ்கட் அண்ணன் ஏறிய விமானம்

ரிப்பேருக்குக் கொடுத்த குக்கரோடு இரண்டாம் உலகப் போரையும் சேர்த்துத் திருப்பித் தருகிறவர் இந்த உலகத்திலேயே எங்கள் ஆரணி கேஸ்கட் அண்ணன் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

குக்கரின் கேஸ்கட்டை, அதாவது மூடியின் ரப்பர் வளையத்தை, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். உடனே அவர் வாயில் போர் தொடங்கிவிடும். எதிரி விமானம் எட்டாத உயரத்தில் வருகிறது. அதைப் பிடிக்க இன்னும் மேலே ஏற வேண்டும். அங்கேயோ மூச்சுவிடக் காற்று போதாது, குளிரில் துப்பாக்கியே உறைந்துவிடும். ஆகவே இரண்டு தரப்பு இன்ஜினியர்களும் மண்டையை உடைத்துக்கொண்டு, விமானி உட்காரும் அறையை இறுக மூடி உள்ளே காற்றை அடைத்தார்கள். எல்லாம் செல்போனில் பார்த்துத் தேறிய ஞானம்.

"குக்கர்தாம்மா அது. உள்ள பருப்புக்குப் பதிலா ஆளு," என்று போளூரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் முடித்தார்.

"எத்தினி விசில்ல எறக்குவாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். அண்ணனுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இவ்வளவு பேசுகிறவர் ஸ்டூலில்கூட ஏறமாட்டார். வீட்டில் பல்பு மாட்டுவது அவர் மனைவிதான், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர். அண்ணன் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, மேலே காற்று எப்படி என்று விசாரிப்பார்.

இப்படிப்பட்டவரின் மகளுக்கு டெல்லியில் தலைப்பிரசவம். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட, மாப்பிள்ளை விமான டிக்கெட் போட்டுவிட்டார். அங்கே ஒரு பட்டுப்புடவைக் கண்காட்சியில் கடை போட நானும் அதே விமானத்தில் கிளம்பினேன். ரயிலில் போகலாம் என்று அண்ணன் மன்றாடினார். ரயில் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்றார் அக்கா. மகள் வலியில் துடிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"நீங்க இங்கியே இருங்க. நா மட்டும் போய்ட்டு வரேன்."

தான் பார்க்காத கேஸ்கட்டை நம்பி மனைவியைத் தனியே அனுப்ப அண்ணனுக்கு மனம் வரவில்லை. வந்தார்.

வந்தவர் விமானத்தின் வாசலில் நின்றுவிட்டார். கதவைச் சுற்றியிருந்த ரப்பரை விரலால் தடவ ஆரம்பித்தார். பின்னால் வரிசை தேங்கியது. பணிப்பெண் பதறிப்போய் என்னவென்று கேட்டார். ரப்பர் எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதாக அண்ணன் பொறுமையாக விளக்கினார். இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று நான் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தேன். அக்கா அவர் கையைப் பிடித்தார்.

"ரப்பரு புச்சாதாங்க கீது. பொண்ணு காத்துகினு இருக்கா, வாங்க."

உட்கார்ந்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முப்பத்தாறாயிரம் அடி என்று விமானி அறிவித்தபோதுதான் ஒரு கண்ணைத் திறந்தார்.

"போர்ல இந்த ஒசரத்துக்கு எதிரி ஊரப் படம் புடிக்கப் போனவன் ஒத்த ஆளா போனான். பேச்சுத்துணைக்குக்கூட யாரும் இல்ல," என்றார் அக்காவிடம். டெல்லி வரும்வரை அக்காவின் கையை அவர் விடவில்லை.

பேத்தி பிறந்தபோது அக்கா தன் மகளின் தலைமாட்டில் இருந்தார். ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக் குக்கரைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். குக்கரில் ஒரு கோளாறும் இல்லை. இந்த முறை போர் எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டியிருந்தது.